முனியம்மாவும் லூர்தம்மாவும்

கிள்ளானில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் நான் வேலை செய்கிறேன். நாங்கள் அக்கா என்று கூப்பிட்ட ஒருவர் அங்கே பழைய தையல் பிரிப்பவராக இருந்தார். கிழிந்த உறையைக் கழற்றி அவர் பக்கம் போட்டால், தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்துகொண்டு பாதி பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுப்பார். துண்டுகள் கிழியாமல் வந்தால்தான் அவற்றை வைத்துப் புது ரெக்சின் வெட்ட முடியும். வேலை செய்யும்போது பேசமாட்டார். யாராவது பேச வந்தால் கேட்டுக்கொள்வார்.

அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பெயரை எழுதாமல் விடுகிறேன். கோயில் புத்தகத்தில் ஒன்றும் அடையாள அட்டையான ஐ.சி.யில் ஒன்றுமாக இருந்தது. எதை எழுதுவது என்று எனக்குக் குழப்பம்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஆமாம் என்பார்.

ஒருமுறை பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒருவர் கார் கொண்டுவந்தார். நல்ல வேலையில் இருப்பவர் போலத் தெரிந்தார். சீட்டைக் கழற்றும்வரை நின்றுகொண்டிருந்தவர் அக்காவையே பார்த்துவிட்டு அருகில் போய்க் குனிந்தார்.

"ஆன்டி, நீங்க எங்க ஸ்கூல் கேன்டீன்ல இருந்தீங்கல்ல? பி.ஜே.ல? எனக்கு மீ கோரெங் அதிகமா வைப்பீங்க."

"ஆமாம்ப்பா," என்றார் அக்கா.

"நான் அப்ப குண்டா இருப்பேன்லா."

"ஆமாம்ப்பா. இப்ப இளைச்சிட்ட."

அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டை எடுக்க வந்த நாளில் ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போனதும் நான் கேட்டேன்.

"அக்கா, நீங்க பி.ஜே.ல கேன்டீன்ல இருந்தீங்களா?"

"பி.ஜே. எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாதுப்பா."

"பின்ன ஏன் ஆமாம்னு சொன்னீங்க?"

"அந்தத் தம்பிக்கு அப்படித் தோணியிருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே." ஒரு ஆப்பிளைத் துடைத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தின்றேன்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். கிளினிக் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் வலிக்கு மருந்து வாங்க அரசாங்கக் கிளினிக்குக்குப் போனவர், தாதி வேறு யாரோ பெயரைச் சொல்லி இவரைப் பார்த்துக் கை காட்டியதும் எழுந்து உள்ளே போய்விட்டார். உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறது ஆன்டி, சீனியைத் தொடவே கூடாது என்றார்களாம். ஆமாம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதன்பிறகு பல மாதங்கள் எங்களோடு உட்கார்ந்து சீனியில்லாத கட்டன் தேநீரைக் குடித்தார். முகம் சுளித்துக்கொண்டுதான் குடிப்பார். மறுபடி கிளினிக்குக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் தவற்றைக் கண்டுபிடித்து, அந்த முடிவு வேறொருவருடையது, உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா சரிம்மா என்றார். அன்றே கடையில் பால் ஊற்றிய தேத்தாரிக்குச் சீனி கூடுதலாகப் போடச் சொன்னார்.

"அந்தப் பொம்பளைக்கு வியாதி இருக்குன்னு இவ்வளவு நாளும் தெரியாமலேயே போயிருக்குமே அக்கா. அது உங்க பேரு இல்லன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

தேத்தாரியைக் கீழே வைத்துவிட்டார். அதை அவர் யோசித்திருக்கவில்லை என்று முகம் சொன்னது. அன்று முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு தையல் பிரித்தார்.

நான் அவரைக் குறை சொல்லத் தகுதியானவன் இல்லை. ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கவுண்டருக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். பட்டறையில் வேறு யாரையும் கேட்காமல் அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் எனக்குக் கார் இருந்தது என்பது மட்டும்தான்.

கூப்பிட்டது வீட்டு விஷயமாக. கிள்ளானுக்கு வெளியே, ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபோது வெளியேற்றப்பட்டவர்களுக்காகக் கட்டிக்கொடுத்த பலகை வரிசை வீடு ஒன்றில் அவர் தனியாக இருந்தார். அந்த நிலத்தை எடுக்கப் போகிறார்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு என்று அறிவித்தார்கள். ஆனால் நீல ஐ.சி. வேண்டும். அக்காவுடையது சிவப்பு. சிவப்பு என்றால் இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம், குடிமகன் இல்லை. வீடு கிடைக்காது.

இதற்கெல்லாம் உதவும் சேவை மையத்துக்குப் போனோம். அங்கிருந்த இளம்பெண் ஐ.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்டி, நீங்க எங்க பொறந்தீங்க?"

"தோட்டத்துலதாம்மா. மூணாம் லயத்துல."

"இங்க பொறந்தவங்களுக்கு எப்படிச் சிவப்பு?"

"தோட்டத்து ஆபீஸ் கிராணி கேட்டாரும்மா, 'நீ இந்தியாவுல பொறந்தவதானே'ன்னு. ஆமாங்க ஐயான்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவரு பேனாவை வச்சு எழுத ஆரம்பிச்சிட்டாரும்மா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இங்கே பிறந்ததற்கு ஏதாவது சாட்சி வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரி அட்டை, பள்ளிக்கூடப் பதிவு, எதுவானாலும் சரி. அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். கடைசியில்தான் சொன்னார். "எனக்கு மாதா கோயில்ல தலையில தண்ணி ஊத்தியிருக்கும்மா. வாயில உப்பு வச்சாங்களாம்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்கா நெற்றியில் எப்போதும் குங்குமம் இருக்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வருவார். ஒரு வருடம் அங்கே படிக்குக் கீழே கூட்டத்தில் யாரென்றே தெரியாத ஒரு பெண் ஓடிவந்து, "சித்தி" என்று இவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவரும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். அவள் போனபிறகு யார் என்று கேட்டேன். "தெரியலப்பா. பாவம், நல்லா அழுதுச்சு," என்றார். அப்படிப்பட்டவருக்கு ஞானஸ்நானம் என்றால் அதுவும் யாரோ சொல்லி இவர் ஆமாம் போட்டதாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அந்தப் பெண், கோயில் பதிவு நல்ல சாட்சி ஆன்டி, எடுத்துட்டு வாங்க என்றாள்.

தோட்டத்துச் சின்னக் கோயில்கள் மூடப்பட்டபோது அங்கிருந்த புத்தகங்கள் கிள்ளானில் உள்ள பங்குக் கோயிலுக்கு வந்துவிட்டன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். போனோம். அலுவலக வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். அக்காவும் கழற்றினார்.

"இது ஆபீஸ்தான் தம்பி, செருப்போட வாங்க," என்றார் உள்ளே இருந்த அம்மா.

"ஆமாம்மா," என்றார் அக்கா. வெறுங்காலோடு உள்ளே வந்தார். நானும் அப்படியே வந்தேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். முதலில் என்னைப் பார்த்தார்.

"சொந்த ஆளுங்களுக்குத்தான் பதிவு எடுத்துக் கொடுப்போம். இவரு உங்க மகனா?"

"ஆமாம்மா," என்றார் அக்கா.

நானும் மகன் மாதிரியே அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பொறந்த வருஷம்?"

"ஐ.சி.ல இருக்கிறதே இருக்கட்டும்மா."

அந்த அம்மா ஐ.சி.யைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கிராணி போட்ட வருஷமா? எங்க அம்மாவுக்கும் அப்படித்தான். சரி, முன்ன பின்ன சேர்த்துப் பார்க்கணும். அம்மா பேரு?"

"முனியம்மா."

மற்ற எல்லாவற்றுக்கும் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவர், இதை மட்டும் கேட்ட உடனே சொன்னார். அப்பா பெயர் ராமசாமி என்றார். ரெண்டும் இந்துப் பேரா இருக்கே என்று அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே உயரமான கறுப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார். பூச்சி உருண்டை வாசம் வந்தது. எழுத்தெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அந்தக் காலத்துச் சாமியார் வெள்ளைக்காரர், லத்தீனில் எழுதியிருக்கிறார் என்றார். விரலை வைத்து மேலிருந்து கீழாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். முனியம்மா என்று எங்கும் இல்லை. தோட்டத்தின் பெயரையும் அக்காவை வீட்டில் கூப்பிட்ட பெயரையும் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் வாங்க, பொறுமையாத் தேடி வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

"கிடைச்சிடுச்சு அக்கா. உங்க தோட்டத்துல அந்த வருஷங்கள்ல இந்தப் பேருல ஒரே ஒரு பிள்ளைதான். முன்னால ஒரு புனிதர் பேரு, பின்னால உங்க வீட்டுப் பேரு. மூணாம் லயம்னே எழுதியிருக்கு பாருங்க."

எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் குனிந்து பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை.

"ஆனா அம்மா பேரு மட்டும் லூர்தம்மான்னு இருக்கு. அப்பா சவரிமுத்து. போன வாரம் நீங்க முனியம்மா, ராமசாமின்னு சொன்னீங்க. அது பரவாயில்ல, நிறைய பேருக்கு வீட்டுல ஒரு பேரு, கோயில்ல ஒரு பேரு. மனம் திரும்பினவங்க பேரை மாத்திக்குவாங்க. முனியம்மாதானே லூர்தம்மா? அதை மட்டும் சொல்லுங்க, ஃபாதர் கையெழுத்துப் போட்டுருவாரு. முத்திரையெல்லாம் ரெடியா வச்சிருக்கேன்."

ஆமாம்மா என்று வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அது வந்ததும் கிளம்பிவிடலாம், சாப்பாட்டு நேரத்துக்குள் பட்டறைக்குப் போய்விடலாம் என்று கார் சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"இல்லம்மா," என்றார் அக்கா.

அந்த அம்மா பேனாவைத் தூக்கியபடி இருந்தார். "என்னக்கா?"

"இல்லம்மா. லூர்தம்மா வேற."

"அப்ப இது உங்க பதிவு இல்லையா?"

"என்னோடதுதாம்மா. அம்மாதான் வேற."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா. பதிவுல இருக்கிறவங்க அம்மா இல்லன்னு நீங்களே சொன்னா நான் இதை எப்படிக் கொடுக்கிறது? பதிவு இலாகாவுல போயி அங்கயும் இப்படிச் சொன்னா உங்க மேலதான் சந்தேகம் வரும்."

"ஆமாம்மா."

"ரொம்பச் சின்ன வயசு விஷயம். ஞாபகம் இல்லன்னாவது சொல்லுங்களேன். தெரியலன்னு சொல்லுங்க, போதும்."

"தெரியும்மா. அவங்க இல்ல."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். மகன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் வேறு எங்கே பார்ப்பார்? நான் அக்காவிடம், "சொல்லிடுங்களேன் அக்கா, வீடு போயிடும்," என்றேன். அக்கா என்று கூப்பிட்டுவிட்டதை அப்புறம்தான் உணர்ந்தேன். அந்த அம்மா அதைக் கவனித்தாரா தெரியவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடினார். மனசு மாறினா எப்ப வேணும்னாலும் வாங்க, புத்தகம் எங்கயும் போயிடாது என்றார்.

வெளியே மாதா சிலை வைத்த கெபிக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்தார். அழவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்காமலேயே பேசினார்.

"எனக்கு முன்னால ரெண்டு பிள்ளை தங்கலயாம். அதனால என்னைப் பக்கத்து வீட்டு லூர்தம்மாவுக்குத் தவிட்டுக்கு வித்துட்டாங்க."

அது எனக்குத் தெரிந்த பழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, இது உன் பிள்ளை என்று சொல்லி, பதிலுக்கு ஒரு பிடி தவிடு வாங்கிக்கொள்வார்கள். எமன் வந்தால் இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடுவானாம். அப்புறம் பெற்றவளே தூக்கிவந்து வளர்ப்பாள். என் அத்தை மகன் ஒருவனுக்கும் செய்திருக்கிறார்கள். கோழிக்கு வாங்கி வைத்திருந்த தவிடுதான். பெரியவர்கள் அதைச் சிரித்துக்கொண்டேதான் செய்வார்கள்.

"லூர்தம்மாவுக்குப் பிள்ளை இல்லப்பா. அவங்க அதை விளையாட்டா எடுத்துக்கல. மாசத்துக்கு ஒருக்கா சாமியார் தோட்டத்துக்கு வருவாரு. அவரு வந்தன்னிக்கு என்னைத் தூக்கிட்டுப் போயி, என் பிள்ளைன்னு சொல்லித் தண்ணி ஊத்திட்டாங்க. அம்மா பால் மரம் வெட்டப் போயிருந்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கல. நடுவுல ஒரு பலகைச் சுவருதான். இந்த வீட்டுல மடியில வச்சுக்கிட்டு, நீ யாரு பிள்ளைடின்னு கேப்பாங்க. உங்க பிள்ளைன்னு சொல்வேன். அந்த வீட்டுல மீன் குழம்பு ஊத்திட்டுக் கேப்பாங்க. உங்க பிள்ளைன்னு சொல்வேன். பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது கேக்கும்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "வாப்பா, முதலாளி தேடுவாரு."

எனக்கு விஷயம் புரிந்த மாதிரி இருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். அதே தோட்டத்துப் பெரியவர் யாராவது சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தாலும் உதவும் என்று சேவை மையத்துப் பெண் சொன்னதால், தோட்டத்தில் காவல் வேலை பார்த்த ஜாகாத் தாத்தாவைத் தேடிப் போனேன். அக்கா வீட்டு வரிசையிலேயே கடைசி வீடு. நடந்ததைச் சொன்னேன்.

"முனியம்மா பெத்ததா? யாரு தம்பி சொன்னது?" என்றார். "லூர்து பெத்த பிள்ளைலா அது. அவளுக்குத்தான் பிள்ளை தங்கல. முனியம்மாதான் தவிட்டுக்கு வாங்கினவ. வாங்கினவ திருப்பிக் கொடுக்கல. பெரிய சண்டை. நான்தான் விலக்கிவிட்டேன்."

"நல்லாத் தெரியுமா தாத்தா?"

"தெரியாம?" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "இல்ல, இரு. அது கிராணி வீட்டுக்குப் பின்னால இருந்த குடும்பமோ?" விரலை மடக்கி வீடுகளை எண்ணினார். பாதியில் விட்டுவிட்டார். "கையெழுத்துதானே வேணும்? போடறேன். எந்தப் பக்கம் போடணும்னு நீ சொல்லு."

எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. தாத்தா முதலில் சொன்னது உண்மையென்றால் கோயில் புத்தகம் சரி. அப்படியானால் அக்கா தன்னைப் பெற்றவரையே இல்லை என்று சொல்லி வீட்டை விட்டுக்கொடுத்திருக்கிறார். அக்கா சொன்னது உண்மையென்றால் புத்தகம் தவறு. மறுநாள் பட்டறையில் அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தேன்.

"அக்கா, ஜாகாத் தாத்தா லூர்தம்மாதான் உங்களைப் பெத்தவங்கன்னு சொல்றாரு."

"அப்படியா சொல்றாரு."

"அது உண்மையா?"

பிளேடு நிற்கவில்லை. "அவருக்கு அப்பல்லாம் கண்ணு நல்லாத் தெரியும்ப்பா."

"அப்ப உண்மைதானா?"

"இருக்கலாம்ப்பா."

"பின்ன ஏன் கோயில்ல இல்லன்னு சொன்னீங்க?"

ஒரு தையல் முடிவுக்கு வந்து துண்டு தனியாகப் பிரிந்தது. அதை மடிமேல் வைத்து நீவிவிட்டார். "பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவங்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்துச்சுப்பா," என்றார்.

எந்தப் பக்கம், எந்த அம்மா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். பிறகு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீல ஐ.சி. உள்ளவர்களுக்குச் சாவி கொடுத்தார்கள். அக்காவின் பெயர் பட்டியலில் இல்லை. வரிசை வீடுகளை இடிப்பதற்கு முன்பே பட்டறை வேனில் அவருடைய சாமான்களை ஏற்றிப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சமையலறைக்குப் பின்னால் தங்க ஒரு அறையும் கொடுத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. கிள்ளானுக்கு வந்துபோவது கஷ்டம் என்று பட்டறை வேலையை விட்டுவிட்டார்.

எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன். அப்படி ஒருநாள் கடைக்கு முன்னால் நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பழைய வரிசை வீட்டில் முன்பு குடியிருந்து, மகளோடு சிரம்பானுக்குப் போய்விட்ட ஒரு பெண் அந்தப் பக்கமாக வந்தார். கை நிறையத் துணிக்கடைப் பைகள்.

"என்னக்கா, இங்க எங்க? எல்லாருக்கும் பிளாட் கொடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கும் கிடைச்சிருக்குமே?"

"ஆமாம்மா," என்றார் அக்கா.

"அப்பா, இப்பத்தான் நிம்மதி. உங்களை நெனச்சுத்தான் கவலைப்பட்டேன், தனி ஆளாச்சே. எந்த மாடி?"

அடுத்தவர் சொல்வதற்கு ஆமாம் போட அக்காவுக்குத் தெரியும். சொந்தமாக ஒன்றை உண்டாக்கிச் சொல்லத் தெரியாது. அதை அன்றுதான் கவனித்தேன். வாய் லேசாகத் திறந்தபடி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணாவது மாடி," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஆமாம்மா," என்றார் அக்கா. "மூணாவது மாடி."

"லிப்ட் இருக்குல்ல?"

"இருக்கு," என்றேன். "ஒண்ணு ஓடும், ஒண்ணு ஓடாது."

"எல்லா இடத்துலயும் அப்படித்தான்லா. காத்து வருமாக்கா?"

அக்கா இந்த முறை என் பக்கம் திரும்பவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நல்லா வரும்மா," என்றார். "கதவைத் திறந்து வச்சா போதும்."

ஒருநாள் வீட்டுக்கு வருகிறேன் என்று அந்தப் பெண் சொன்னார். வாம்மா என்றார் அக்கா. அந்தப் பெண் சாலையைக் கடந்து போகும்வரை இருவரும் நின்று பார்த்தோம். உள்ளேயிருந்து யாரோ தட்டு இல்லை என்று சத்தம் போட்டார்கள். இதோ வரேன் என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார்.